பதிவேடும் தனிக்கொப்பியும்



தம்புள்ளை என்றவுடன் நம்மவருக்கு முதலிலே நினைவுக்கு வருவது அங்குள்ள கற்குகைக் கோயிலாகும். கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே வலகம்பா மன்னன் பகைவருக்கு ஒதுங்கி வாழ்ந்த இடம் என்று மரபு கூறும் அக்குகைகள், 1991 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஆயினும், இன்றைய பேச்சு மலைமேலுள்ள குகைகளைப் பற்றியதன்று; மலைக்குக் கீழே இருக்கும் சந்தையைப் பற்றியது. இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின், அச்சந்தையின் விலைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றைப் பற்றியது. ஆயிரம் பதிவுகள் கொண்ட ஏட்டிலிருந்து வேண்டிய பத்தை மட்டும், ஏட்டைக் குலைக்காமல், ஒழுங்காக எடுத்தெழுதுவது எப்படி? கேட்பதற்கு எளிய வினா. கணனி அறிஞர் இதற்குக் கண்ட விடை அழகானது. அதனை இன்று ஆராய்வோம்.

முதலிற் சந்தையைப் பார்ப்போம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியும், அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியும் ஒன்றையொன்று தொடும் இடம் தம்புள்ளை. மலைநாட்டு லீக்ஸும் கரட்டும் கோவாவும் தெற்கிலிருந்து வந்திறங்க, வடக்கின் சின்ன வெங்காயமும், மாத்தளை மாவட்டத்திலேயே விளையும் பெரிய வெங்காயமும், சுற்றுப்புறத்துப் பூசணியும் கத்தரியும் வந்து சேர, நாட்டின் பல திசைகளும் கூடும் ஒரு களமாக அவ்வூர் அமைந்தது வியப்பன்று. 1999 ஆம் ஆண்டிலே அங்கே பொருளாதார மத்திய நிலையம் நிறுவப்பட்டது. மூடை சுமக்கும் நாட்டாமைகளும், லொறிக்காரரும், கமக்காரரும், மொத்த வியாபாரிகளும் நெருங்கிப் புழங்கும் அந்நிலையத்திலே நிலவும் விலைகள் தம்புள்ளையோடு நின்றுவிடுவன அல்ல. இலங்கை மத்திய வங்கி தன் நாளாந்த விலை அறிக்கையிலே, கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த விலைகளுக்குப் பக்கத்திலே தம்புள்ளையின் மொத்த விலைகளையும் வைத்து வெளியிடுகிறது. தம்புள்ளையிலே தக்காளி என்ன விலை என்பது, வவுனியாவிலே குழம்பு வைக்கும் இல்லத்தரசிக்கும் உரிய செய்தியாகிவிட்டது.

இனி, கணக்குக்காக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்று தக்காளிக்கு மட்டும் ஆயிரம் பதிவுகள் விழுந்தன என்க. ஒவ்வொரு பதிவிலும் வந்த நேரம், கடை இலக்கம், நிறை, கிலோவுக்கு விலை என்பன உண்டு. வவுனியாவிலுள்ள ஒரு கூட்டுறவுக் கடைக்குக் கொள்வனவு செய்ய வந்தவருக்கு அந்த ஆயிரமும் வேண்டியதில்லை. விலை குறைந்த பத்தே போதும். அந்தப் பத்தும் குறைந்ததிலிருந்து கூடியது என்ற ஒழுங்கிலே இருக்கவேண்டும். முதற் கடையிலே சரக்குத் தீர்ந்திருந்தால் இரண்டாவது கடைக்கு நடக்கவேண்டுமல்லவா? வானொலியிலே சந்தை நிலவரம் வாசிப்பவருக்கும் இதே தேவைதான். அவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ஆயிரம் விலைகளை வாசித்தால் நேயர்கள் பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதற்கு உடனே தோன்றும் வழி, ஆயிரம் பதிவுகளையும் விலைப்படி வரிசையாக்கி, மேலிருந்து பத்தை எண்ணி எடுப்பதாகும். விடை சரியாகவே வரும். ஆனால் அறுநூற்றுப் பதினேழாவது இடத்துக்கு உரியது எது, அறுநூற்றுப் பதினெட்டாவது இடத்துக்கு உரியது எது என்று தீர்த்துவைத்த உழைப்பு முழுவதும் வீணாகும். அந்த வேறுபாட்டை ஒருவரும் கேட்கவில்லை.

உழைப்பு வீணாவதிலும் பெரிய கேடு ஒன்று உண்டு. பதிவேட்டையே விலைப்படி அடுக்கிவிட்டால், பதிவுகள் வந்த ஒழுங்கு அழிந்துபோகும். அந்த ஒழுங்கு ஒரு சாட்சி என்பதை மறத்தலாகாது. விடியற்காலையிலே முந்நூறு கிலோ கொண்டுவந்த கமக்காரர் ஒருவர், 'நான் கொடுத்த வேளையிலே விலை உயர்ந்தல்லவா இருந்தது, எனக்கு ஏன் குறைத்துப் போட்டீர்கள்?' என்று கேட்பாரானால், அவருக்கு முன்னும் பின்னும் எந்த விலைகள் பதியப்பட்டன என்பதைக் கொண்டே நியாயம் சொல்ல முடியும். விலைப்படி அடுக்கிய ஏட்டிலே அவருடைய அயலிலிருப்பவை அதே விலைக்குப் போன பதிவுகளே. அவர் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இல்லை. நேரம் தனியே குறிக்கப்பட்டிருந்தால் ஒழுங்கை மீட்கலாம் என்பது மெய்யே. ஆனால் நேரத்தை ஒழுங்காகக் குறிக்காத ஏடுகள் எத்தனை! வந்தபடியே எழுதிக்கொண்டு போவதையே பலரும் நேரக் குறிப்பாகக் கொள்கின்றனர்.

ஆகவே நமக்கு வேண்டியவை மூன்று: பத்தை மட்டும் ஒழுங்காக்கல், அதனை வேறோர் இடத்தில் எழுதல், மூல ஏட்டைத் தொடாமல் விடுதல். இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் ஒரு கருவி, கணனி நிரல் எழுதுவோரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நிரலாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் அடியிலிருந்து கட்டளைகளை எழுதுவதில்லை. அடிக்கடி வேண்டப்படும் வேலைகளுக்கு முன்னரே எழுதிச் சரிபார்த்த கட்டளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் செயற்கூறு என்றும், அவற்றின் தொகுதியை நூலகம் என்றும் வழங்குவர். நூலகம் என்ற சொல்லைக் கேட்டுப் புத்தக அடுக்குகளை எண்ண வேண்டியதில்லை. தச்சனுடைய ஆயுதப் பெட்டியை எண்ணுவதே பொருத்தம். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் ஆக்கிய சீ பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழிக்கு அலெக்சாந்தர் ஸ்தெபானொவ், மெங் லீ ஆகிய இருவரும் இத்தகைய நூலகம் ஒன்றை அமைத்தனர். 1994 ஆம் ஆண்டிலே அம்மொழியின் நியமக் குழு அதனை ஏற்றுக்கொண்டது. 1998 ஆம் ஆண்டிலே அம்மொழி சர்வதேச நியமமாக வெளிவந்தபோது நூலகமும் அதன் அங்கமாயிற்று. அப்பெட்டியிலுள்ள ஆயுதங்களுள் ஒன்றின் பெயர் பார்ஷல் சோர்ட் கொப்பி என்பது. பகுதியாக வரிசைப்படுத்திப் படியெடுத்தல் என்பது அதன் பொருள். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இப்பெயர் இன்னும் எளிதாக விளங்கும். நாம் எழுதும் பயிற்சிப் புத்தகத்தையே கொப்பி என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லவா? மூலம் பதிவேட்டிலே இருக்க, தெரிந்தெடுத்தவை தனிக்கொப்பியிலே வருகின்றன.

இச்செயற்கூற்றுக்கு நாம் நான்கு இடங்களைச் சுட்டிக்காட்ட வேண்டும்: பதிவேட்டின் தொடக்கம், அதன் முடிவு, கொப்பியின் தொடக்கம், அதன் முடிவு. முடிவு என்று இங்கே கூறுவது கடைசிப் பதிவை அன்று; கடைசிப் பதிவைத் தாண்டியவுடன் வரும் வெற்றிடத்தை. விரும்பினால் ஐந்தாவதாக, இரண்டு பதிவுகளுள் எது முந்தவேண்டும் என்ற விதியையும் கொடுக்கலாம். கொடாவிடின் சிறியது முந்தும். கொப்பியிலே எத்தனை வரிகள் உண்டோ அத்தனையே தெரிந்தெடுக்கப்படும். ஆகவே பத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வரிகள் உள்ள கொப்பியைக் கொடுத்தால் அதுவே போதும்.

இனி, அதன் வேலைமுறையைக் காண்போம். கேட்பவர் மனத்திலே வைத்திருக்கத்தக்கதாய், பத்துப் பதிவுகளையும் மூன்று வரிக் கொப்பியையும் கொள்வோம். பதிவேட்டிலே விலைகள் வந்த ஒழுங்கு இது: 180, 150, 210, 165, 190, 140, 175, 200, 150, 130. இவை நான் கற்பித்த எண்கள். எந்த நாளின் விலையும் அல்ல.

முதல் மூன்று பதிவுகளும் கேள்வியின்றிக் கொப்பியில் ஏறுகின்றன. 180, 150, 210. இப்பொழுது கொப்பி நிறைந்துவிட்டது. இனி வருகிறவர்களுக்கு ஒரு வாயில் வைக்க வேண்டும். அந்த வாயிலிலே யாரை நிறுத்துவது? இவ்விடத்திலேதான் முழு வழிமுறையின் நுட்பமும் தங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுள் மிகச் சிறந்தவரை நிறுத்தினால் பயனில்லை; மிகக் கடைசியாக இருப்பவரையே நிறுத்தவேண்டும். புதிதாக வருபவர் அவரை வென்றாற் போதும், உள்ளே வரலாம். அவரை வெல்லாதவர் மற்றவர்களையும் வெல்லப்போவதில்லை. ஆகவே அவரை வேறெவருடனும் ஒப்பிடாமலே அனுப்பிவிடலாம்.

210 வாயிலில் நிற்கிறது. 165 வருகிறது. அது குறைவு; ஆகவே 210 வெளியே போக 165 உள்ளே வருகிறது. இப்பொழுது உள்ளே இருப்பவற்றுள் பெரியது 180. அது வாயிலுக்கு வருகிறது. 190 வருகிறது, இடமில்லை. 140 வருகிறது, 180 வெளியேற, வாயிலுக்கு 165 வருகிறது. 175 உம் 200 உம் ஒரே ஒப்பீட்டோடு திரும்பிப் போகின்றன. பின்னர் ஒரு 150 வருகிறது, 165 வெளியே. கடைசியாக 130 வருகிறது. உள்ளே இருப்பவை 140 உம் இரண்டு 150 களும். ஒரு 150 வெளியேற, 130 உள்ளே வருகிறது. முடிவிலே கொப்பியில் இருப்பவை 130, 140, 150. பதிவேடோ 180 இலே தொடங்கி 130 இலே முடியும் அதே ஒழுங்கோடு, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது.

அந்த இரண்டு 150 களுள் எது வெளியேறியது என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

மூன்று வரிகளுள் பெரியது எது என்று காண ஒரு பார்வை போதும். பத்து வரிகளாயின் ஒவ்வொரு முறையும் பத்தையும் பார்க்கவேண்டும். நூறு வரிகளாயின் நூறையும். இந்தச் சுமையைக் குறைப்பதற்குக் குவியல் என்னும் அமைப்பைக் கையாளுகின்றனர். ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் என்பவர் 1964 ஆம் ஆண்டிலே இதனை வெளியிட்டார். அதே ஆண்டிலே ரொபேட் ஃபிளொயிட் அதனை மேலும் திருத்தினார். பெயர் குவியல் ஆயினும், கண்டபடி கொட்டிய வெங்காயக் குவியல் போன்றதன்று அது. தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று கிளைக்கும் ஒரு குடும்பத்தைப் போன்றது. கொப்பியின் முதலாம் வரிக்கு இரண்டாம் மூன்றாம் வரிகள் பிள்ளைகள். இரண்டாம் வரிக்கு நான்கும் ஐந்தும். மூன்றாம் வரிக்கு ஆறும் ஏழும். நான்காம் வரிக்கு எட்டும் ஒன்பதும். ஐந்தாம் வரிக்குப் பத்து. எந்தத் தாயும் தன் பிள்ளையிலும் சிறியதாக இருத்தலாகாது என்பதே ஒரே சட்டம். உடன்பிறந்தோர்க்குள் யார் பெரியவர் என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. இச்சட்டம் காக்கப்படுமாயின், மிகப் பெரியது தானாகவே முதலாம் வரியில் இருக்கும். வாயிற்காவலரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

புதிய பதிவு உள்ளே வரும்போது முதலாம் வரியிலே வைக்கப்படுகிறது. அது தன் பிள்ளைகளுள் பெரியதைவிடச் சிறிதாயின், அப்பிள்ளை மேலே ஏற, இது கீழே இறங்கும். சட்டம் நிறைவேறும்வரை இவ்வாறு இறங்கிக்கொண்டே போகும். பத்து வரிகளிலே ஆகக்கூடியது மூன்று படிகள்தாம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு ஒப்பீடுகள். எல்லாப் பதிவுகளும் வந்து முடிந்தபின், முதலாம் வரியில் நிற்கும் பெரியதைக் கொப்பியின் கடைசி வரிக்கு மாற்றி, மிஞ்சியவற்றுள் பெரியதை அதற்கு முந்திய வரிக்கு மாற்றி, இப்படியே பின்னிருந்து முன்னாகச் சென்றால், பட்டியல் ஏறுவரிசையில் அமைந்துவிடும்.

இதனால் எவ்வளவு மிச்சம்? பதிவுகள் எவ்வித ஒழுங்குமின்றிக் கலந்து வருமாயின், கணக்கு இவ்வாறு போகும். பதினோராவது பதிவு உள்ளே வருவதற்குப் பதினொன்றிலே பத்து வாய்ப்பு உண்டு. நூறாவது பதிவுக்கு நூற்றிலே பத்து. ஆயிரமாவது பதிவுக்கு ஆயிரத்திலே பத்து, அதாவது நூற்றில் ஒன்று. இவ்வாய்ப்புகளை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 46 வரும். முதற்பத்துக்குப் பின் வரும் 990 பதிவுகளுள் நாற்பத்தாறு அளவிலேயே வாயிலைக் கடக்கும். மற்றவை எல்லாம் ஒவ்வோர் ஒப்பீட்டோடு திரும்பிவிடும். வாயிலில் 990 ஒப்பீடுகள். உள்ளே வந்த நாற்பத்தாறுக்கும் ஆகக்கூடியது ஆறாறு வீதம் 276. தொடக்கத்திலும் முடிவிலும் சில பத்துகள். எல்லாம் கூடினும் ஏறத்தாழ 1,300 அல்லது 1,400. ஆயிரத்தையும் முழுவதாக வரிசைப்படுத்துவதாயின் ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகள் வேண்டும்.

ஆனால் சந்தை எப்பொழுதும் நமக்கு வசதியாகவே நடக்கும் என்று நம்புதற்கில்லை. பொழுது ஏற ஏற விலை இறங்கிக்கொண்டே வருமாயின், புதிதாக வரும் ஒவ்வொரு பதிவும் முன்னையவற்றிலும் குறைவாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றும் வாயிலைக் கடந்து உள்ளே போகும். அப்பொழுது ஒப்பீடுகள் 7,000 வரை ஏறிவிடும். அன்றியும், ஆயிரத்திலே தொள்ளாயிரம் வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த வழி ஏற்றதன்று. அவர் ஏட்டை முழுவதாகப் படியெடுத்து, படியை முழுவதாக வரிசைப்படுத்துவதே பெரும்பாலும் விரைவாக இருக்கும். பலவற்றுள் சிலவே வேண்டும்போது கையிலெடுக்கும் கருவி இது.

பத்து வேண்டும், ஆனால் அந்தப் பத்துக்குள் ஒழுங்கு வேண்டியதில்லை என்று கேட்பவரும் உண்டு. அவருக்கு வேறொரு வழி இருக்கிறது. அதனைக் கண்டவர் டோனி ஹோர். இவர் 1934 ஆம் ஆண்டிலே நமது கொழும்பு மாநகரிலே பிறந்தவர் என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளல் நன்று. பிற்காலத்திலே, 1980 இல், கணனித் துறையின் மிகவுயர்ந்த சிறப்பாகிய டியூரிங் விருதைப் பெற்றவர். மொஸ்கோ பல்கலைக்கழகத்திலே மாணவராக இருந்தபோது, உருசிய மொழி வாக்கியங்களைக் கணனியால் மொழிபெயர்க்கும் முயற்சியிலே, சொற்களை அகரவரிசைப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. அதற்கெனத் தோன்றியதே விரைவு வரிசைப்படுத்தல் என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறை. 1961 ஆம் ஆண்டிலே அதனை வெளியிட்டபோது, வேண்டிய இடத்துக்குரியதை மட்டும் தேடிப் பிரிக்கும் சிறு வழிமுறை ஒன்றையும் உடன் வெளியிட்டார். அது மிக விரைவானது. ஆயினும், பதிவுகளை இடம் மாற்றி மாற்றியே அது வேலை செய்யும். பதிவேடு குலைந்துவிடும். குலையாதிருக்க வேண்டுமாயின் ஆயிரத்தையும் முதலிற் படியெடுத்தாக வேண்டும்.

அதே நூலகத்திலே, நம் கருவிக்கு உடன்பிறந்தது போல, படியெடுக்காத பார்ஷல் சோர்ட் என்பதும் உண்டு. அதுவும் பதிவேட்டிலேயே வேலை செய்வது. வேலை முடிந்தபின் முதற்பத்து ஒழுங்காக நிற்கும். மற்றைய தொள்ளாயிரத்துத் தொண்ணூறும் எந்த ஒழுங்கிலே கிடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முன்னறையை அழகுபடுத்த வந்தவர், வேண்டாத தளபாடங்களை எல்லாம் முற்றத்திலே போட்டுவிட்டுப் போனது போல! ஏடு இனித் தேவையில்லை என்றால் அதனையே கையாளலாம். கொப்பிக்கு வேறிடம் வேண்டாம் என்பது அதன் இலாபம். ஏடு நாளைக்கும் வேண்டும் என்றால் அதன் பக்கம் போகாதிருத்தலே நன்று.

படியெடுக்கும் கருவிக்கு இன்னுமொரு சிறப்பு உண்டு. வானொலி நேயர்களுக்கு அது நன்கு புரியும். பத்திரிகை வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பி மீண்டும் பார்க்கலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. காதில் விழுந்தது விழுந்ததுதான். நம் கருவி பதிவுகளை ஒருமுறை மட்டுமே, முன்னிருந்து பின்னாகக் கேட்கிறது. முந்தியதை மீண்டும் சொல் என்று கேட்பதில்லை. ஆகவே ஆயிரம் பதிவுகளும் ஏட்டிலே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருக்கும் விலைகளாயினும், பத்து வரிக் கொப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். பதிவுகள் ஆயிரமாயினும் பத்து இலட்சமாயினும் அதற்கு வேண்டிய இடம் பத்து வரிகளே.

இனி, இதனைக் கையாளுவோர் வழுக்கிவிழும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, கொப்பி வெறுங்கொப்பியாக இருத்தல். செயற்கூறு கொப்பியை நீட்டித் தருவதில்லை. உள்ள வரிகளிலேயே எழுதும். கடதாசிக் கட்டை வாங்கி மேசைமேல் வைத்தாற் போதாது. பத்து வரிகளைக் கோடு போட்டு ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். நினைவகத்திலே இடம் ஒதுக்குவது வேறு, உறுப்புகளை உண்டாக்குவது வேறு என்பதைப் புதிதாய்க் கற்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். சுழிய வரிகள் கொண்ட கொப்பியைக் கொடுத்தால், செயற்கூறு முறைப்பாடு ஒன்றுமின்றி, ஒன்றும் எழுதாமலே திரும்பிவிடும். சத்தம் போட்டு விழும் பிழையைக் கண்டுபிடிக்கலாம். இவ்வாறு வாய்திறவாமல் இருக்கும் பிழையே பொல்லாதது.

இரண்டாவது, விலையில்லாத பதிவு. விலை பேசி முடியாத பதிவுக்குச் சிலர் சுழியத்தை எழுதி வைப்பர். கணனிக்குச் சுழியமும் ஓர் எண்தான்; அதிலும் மிகச் சிறிய எண். ஆகவே விலை பேசாத கடைகளே மலிவான கடைகளாகப் பட்டியலின் தலையில் வந்து நிற்கும். அத்தகைய பதிவுகளை முன்னரே விலக்கிவிட வேண்டும். மலிவு ஏன் மலிவு என்பதையும் சேர்த்துப் பார்த்தல் நன்று. அழுகத் தொடங்கிய தக்காளியும் மலிவுதான்.

மூன்றாவது, ஒப்பிடும் விதி. இன்ன பதிவு இன்னதிலும் குறைவா என்று கேட்கவேண்டிய இடத்திலே, குறைவா அல்லது சமமா என்று கேட்கும் விதியைக் கொடுக்கலாகாது. அவ்விதிப்படி, சமமான இரண்டுள் ஒவ்வொன்றும் மற்றையதை முந்தும் என்றாகும். அது நடவாத காரியம். அத்தகைய விதி கொடுக்கப்பட்டால் நூலகம் தன் உறுதிமொழி எதற்கும் பொறுப்பேற்காது. விதியை மாற்றிப் பயன்பெறவும் முடியும். கலேவெலைப் பக்கத்துக் கமக்காரருக்கு வேண்டியது குறைந்த விலை அன்று. கூடிய விலை கொடுக்கும் பத்துக் கடைகள். கூடியது முந்தும் என்று விதியைத் திருப்பிக் கொடுத்தாற் போதும். வாயிலில் அப்பொழுது மிகக் குறைந்தது நிற்கும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கருவி ஒன்றே.

இனி அந்த இரண்டு 150 களுக்கு வருவோம். ஒன்று இரண்டாவதாகப் பதியப்பட்டது; மற்றையது ஒன்பதாவதாகப் பதியப்பட்டது. 130 உள்ளே வந்தபோது இரண்டிலொன்று வெளியேறியது. முந்திப் பதிந்தவர் இருக்க, பிந்திப் பதிந்தவர் போவதே முறை என்று நாம் நினைப்போம். செயற்கூறு அவ்வாறு உறுதி கூறுவதில்லை. சமமானவர்களுக்கிடையிலே வந்த ஒழுங்கைக் காப்பதாக அது எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. குவியலுக்குள் ஏறி இறங்கும்போது யார் எங்கே நிற்க நேர்ந்ததோ அதைப் பொறுத்ததே எல்லாம். முந்தி வந்து, அதே விலையைச் சொன்ன கடைக்காரரின் பெயர் பட்டியலில் இல்லாமற் போகலாம். கொள்வனவுக்கு வந்தவர் பட்டியலிலுள்ள கடைகளுக்கே போவார் என்றால், விடுபட்டவருக்கு அன்றைய வியாபாரமே தவறுகிறது. ஏன் என்று அவர் கேட்டால், கணனி அப்படிச் செய்தது என்பதைத் தவிர வேறு விடை சொல்ல முடியாது. அது விடை ஆகாது என்பது என் கருத்து.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு பதிவுக்கும் வந்த ஒழுங்கில் ஓர் இலக்கம் இட்டு, விதியை இவ்வாறு எழுதவேண்டும்: விலை குறைந்தது முந்தும், விலை ஒத்திருந்தால் இலக்கம் குறைந்தது முந்தும். அதன்பின் சமம் என்பதே இல்லை. எந்த இரண்டு பதிவுகளை எடுத்தாலும் ஒன்று மற்றையதற்கு முந்தியதே. நம் எடுத்துக்காட்டிலே, 130 வரும்போது வாயிலில் நிற்பது ஒன்பதாவது பதிவாகிய 150, அதுவே வெளியேறும், இரண்டாவது பதிவு நிலைக்கும். ஒரு வரி விதியிலே அடங்கும் இந்த நியாயத்தை எழுதாமல் விடுபவர்கள் பலர் என்பது வருந்தத்தக்கது.

இறுதியாக ஒன்று. வேலை முடிந்ததும் செயற்கூறு வெறுங்கையோடு திரும்புவதில்லை. கொப்பியிலே எழுதிய கடைசி வரிக்கு அடுத்த இடத்தைச் சுட்டும் ஓர் அடையாளத்தைக் கொடுக்கிறது. பத்து வரிகளும் நிறைந்த நாளிலே அந்த அடையாளம் கொப்பியின் முடிவிலேயே நிற்கும். ஆகவே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், கடும் மழையால் லொறிகள் வராத ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அன்று ஏழு பதிவுகளே உண்டு. கொப்பியிலோ பத்து வரிகள். செயற்கூறு ஏழை எழுதிவிட்டு, எட்டாம் வரியிலே அடையாளத்தை வைத்துத் திரும்பும். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய வரிகளை அது தொடுவதில்லை, அழிப்பதும் இல்லை. நேற்றைய கொப்பியையே இன்றும் கொடுத்திருந்தால், அந்த மூன்று வரிகளிலும் நேற்றைய விலைகள் இருக்கும். நேற்று விலை மலிவு. இன்று சரக்கில்லாமையால் விலை ஏறியிருக்கிறது. வாசிப்பவர் அடையாளத்தைப் பாராமல் பத்து வரிகளையும் வாசித்தால், ஏழு கடைகளின் இன்றைய விலையோடு மூன்று கடைகளின் நேற்றைய விலையும் காற்றிலே கலந்துவிடும். அதனைக் கேட்டு ஒருவர் வவுனியாவிலிருந்து வெற்று லொறியோடு புறப்பட்டுவிடவும் கூடும். ஏழாம் வரியோடு நிறுத்திக்கொண்டு, இன்று ஏழு பதிவுகளே கிடைத்தன என்று சொல்லிவிடுவதற்கு அந்த அடையாளமே போதுமானது.